கன்னியம்மனுக்கும் ரெண்டு சொட்டு

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டுக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் கிராம நர்ஸாக இருந்தேன். அந்த வருடம் போலியோ சொட்டு மருந்து கொடுக்கும் நாளும் மாசி மகமும் ஒட்டி வந்துவிட்டன. மற்ற தெருக்களில் பிரச்சினை இல்லை. ஏரிக்கரையில் இருந்த இருளர் குடியிருப்பில் மட்டும் ஒரு குழந்தைகூட இல்லை. குழந்தை என்ன, ஆளே இல்லை. குடிசைப் படல்களைச் சாத்திவிட்டு எல்லோரும் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போயிருந்தார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குப் போன கன்னியம்மனைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அழைத்து வர வருடா வருடம் அங்கே போவார்கள்.

"வந்தப்புறம் குடுத்துக்கலாம் சிஸ்டர்" என்றார் எங்கள் சுகாதார ஆய்வாளர். ஆனால் பாதிப்பேர் அங்கிருந்து நேராக வீடு திரும்ப மாட்டார்கள். அரிசி மில், செங்கல் சூளை என்று வேலைக்குப் பிரிந்து போய்விடுவார்கள். அதனால் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே, ஐஸ் வைத்த மருந்துப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். ஆய்வாளரும் முணுமுணுத்துக்கொண்டே கூட வந்தார்.

கடற்கரையில் ஒரு ஊரே முளைத்திருந்தது. சவுக்குக் கம்புகளில் புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டிருந்தார்கள். தேடித் தேடி எங்கள் ஏரிக்கரைக்காரர்களைக் கண்டுபிடித்தேன். தண்ணீர் ஓரமாக ஈர மணலைக் குவித்து ஏழு படி கட்டியிருந்தார்கள். படிக்குப் படி பூ, வெற்றிலை, தேங்காய். பெண்கள் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள்.

செருப்பைத் தூரத்திலேயே கழற்றிவிட்டு, எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். அவளுக்குப் பிரசவம் பார்த்தது நான்தான். இருந்தும் தயங்கினாள்.

"பூச நடந்துகினு கீது நர்சம்மா. அம்மன் வந்து வாக்கு சொல்ற வரிக்கும் புள்ளைங்க வாயில ஒண்ணும் படக்கூடாது. அது எங்க கூட்டத்து வழக்கம்."

சரி என்று ஒரு படகின் நிழலில் பெட்டியோடு உட்கார்ந்தேன். வெயில் ஏற ஏற எனக்குப் பதற்றமும் ஏறியது. ஐஸ் கரைந்துவிட்டால் மருந்து வீண். துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பெட்டியின் மேல் போட்டேன்.

"ரெண்டு அதட்டு அதட்டுனா முடிஞ்சிரும். எதுக்கு இப்பிடிக் குந்திகினு கீறீங்க?" என்றார் ஆய்வாளர்.

அதட்டினால் அன்றைக்கு நடந்திருக்கும். அடுத்த தடவை என்னைத் தூரத்தில் பார்த்ததுமே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோப்புக்குள் ஓடியிருப்பார்கள். அது மட்டுமில்லை, எங்கள் வீட்டுப் பூஜையின் நடுவில் யாராவது பெட்டியோடு நுழைந்து அதட்டினால் நான் சும்மா விடுவேனா?

திடீரென்று பாட்டு வேகமெடுத்தது. மஞ்சள் வேட்டி கட்டிய பூசாரியின் உடம்பு ஆட ஆரம்பித்தது. அம்மன் வந்துவிட்டாள். ஒவ்வொருவருக்காக வாக்குச் சொல்லிக்கொண்டே வந்தவர், சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"யாரு அது, பொட்டிய வச்சினு குந்திகினு கீறது?"

அத்தனை முகமும் என்னைப் பார்த்தது. எழுந்து கை கூப்பினேன்.

"நான்தான் தாயே. கொழந்தைங்களுக்குச் சொட்டு மருந்து கொண்டாந்திருக்கேன். கை கால் வெளங்காமப் போயிடக்கூடாதுன்னு குடுக்கறது."

"எம் புள்ளைங்களுக்குக் குடுக்கற. எனுக்கு எங்க?"

அந்தக் கேள்வியை யார் எதிர்பார்த்தார்கள்! "சிஸ்டர், மருந்த வீணாக்காதீங்க" என்று ஆய்வாளர் காதருகில் கிசுகிசுத்தார். நான் பெட்டியைத் திறந்தேன். நல்லவேளை, ஐஸ் இன்னும் மிச்சமிருந்தது. எந்தப் பக்கமாக வரவேண்டும் என்று அந்தப் பெண் கையைக் காட்ட, படியை மிதிக்காமல் சுற்றிப் போய், மேல் படியிலிருந்த வெற்றிலையில் ரெண்டு சொட்டு விட்டேன்.

பூசாரி அதையே உற்றுப் பார்த்தார். பிறகு என் நெற்றி நிறையக் குங்குமத்தை அப்பிவிட்டு, "ம், ஊத்து. அல்லாத்துக்கும் ஊத்து!" என்றார்.

பெண்கள் குலவையிட்டார்கள். முதல் ஆளாகத் தன் குழந்தையைக் கொண்டுவந்தவள், என்னிடம் தயங்கிய அதே பெண்தான். அப்போதுதான் மொட்டையடித்துச் சந்தனம் பூசிய தலைகள் வரிசையாக வந்தன. செய்தி பரவிப் பக்கத்துக் கூடாரக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். ஆய்வாளர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஞ்சு விரல்களில் மை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு வாண்டு அவர் மடியை நனைத்துவிட்டது. கூட்டமே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

இலையில் சுடச்சுடச் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள். கடல் காற்றில் பறந்து விழுந்த மணலோடு சேர்த்தே சாப்பிட்டோம். ஆய்வாளர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கினார். அதன் பிறகு அந்தக் குடியிருப்புக்கு நான் எப்போது போனாலும், கூப்பிடுவதற்கு முன்பே குழந்தைகள் வந்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். எத்தனை பேருக்கு மருந்து கொடுத்தேன் என்பது நினைவில்லை. ஆனால் அன்று அந்தப் படகு நிழலில் சும்மா காத்திருந்த நேரம்தான் நான் பார்த்த வேலையிலேயே உருப்படியானது என்று இப்போதும் தோன்றுகிறது.