ஞாயிற்றுக்கிழமைப் படகும் எங்கள் தாசும்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, நம் படகுக் குழுவின் வாட்ஸ்அப்பில் நான் என் பேரப்பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். பெரியவன் விக்னேஷுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் சூப்பர்வைசர் வேலை கிடைத்துவிட்டது. அடுத்தவள் திவ்யா நர்சிங் முடித்துப் பூந்தமல்லியிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். நம்மோடு துடுப்புப் போடுகிற கீர்த்தனா பன்னிரண்டாவதில் பள்ளிக்கே இரண்டாவதாக வந்திருக்கிறாள். கடைக்குட்டி கையெழுத்துப் போட்டியில் பரிசு வாங்கியிருக்கிறான். எல்லாவற்றையும் அனுப்பிவிட்டு, யார் யார் கைதட்டுகிறீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குக் கீழே வந்து விழுந்தது: "நம்ம தாஸ் காலைல தவறிட்டாரு. மாரடைப்பு." ஐந்தாவது வரை படித்த படிப்பை வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டி நான்கு தரம் வாசித்தேன். நான்கு தரமும் அதே பெயர்தான் வந்தது.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தாசுக்கு வாரம் ஆறு நாள் லேத் பட்டறையில் வேலை. ஏழாவது நாள் ஆவடிப் பக்கத்து ஏரியில், ஆசைப்பட்டு வருகிறவர்களுக்குப் படகு ஓட்டச் சொல்லித் தருவார். வயது நாற்பத்தாறு, என் மகன் வயது. அவரிடம் நான் சொன்ன ஒரு வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்குள் போய்விட்டார். அந்த வார்த்தையை எல்லார் முன்னாலும் சொன்னேன். அதனால் எல்லாரும் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன்.

சென்னீர்குப்பத்திலிருந்து கீர்த்தனாவைக் கூட்டிவந்து விட்டுவிட்டு, நான் கரையிலேயே உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் தாஸ் வந்து நின்றார்.

"இன்னா ஆயா, எத்தினி நாளைக்குச் செருப்புக்குக் காவல் இருப்ப? ஏறு."

"எனக்கு இன்னாத்துக்குப்பா? அறுபத்திமூணு வயசாவுது."

"படகு வயசு கேக்காது ஆயா, வெயிட்டுதான் கேக்கும். எத்தினி கிலோ நீ?"

எல்லாரும் சிரித்தீர்கள். அந்த ரோசத்தில்தான் ஏறினேன். நடுவில் உட்கார வேண்டும், அடுத்த படகைத் தாண்டும் முன் எந்தப் பக்கம் போகிறோம் என்று குரல் கொடுக்க வேண்டும், வலை போட்டிருக்கிறவர் பக்கத்தில் துடுப்பை மெதுவாகப் போட வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தார். "அவங்களுக்கு அது சோறு ஆயா. நமக்கு இது வெளையாட்டு" என்பார்.

இரண்டாவது மாதம் என் மகளின் மாமனார் நூம்பலிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தார். அவரை ஏற்றிக்கொண்டு ஒரு படகு எதிரே வருகிறது. சம்பந்தியைப் பார்த்தால் உட்கார்ந்திருக்கலாமா? முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்து நின்று, "வாங்க" என்று கை கூப்பினேன். அவ்வளவுதான் தெரியும். அடுத்து நானும் என் படகிலிருந்த கீர்த்தனாவும் தண்ணீரில் கிடந்தோம். லைஃப் ஜாக்கெட் என்னைப் பந்து போல மேலே தூக்கியது. தாஸ் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்திக்கு வணக்கம் வெக்கறதுக்கு ஏரியையே குடிச்சுட்டியே ஆயா!"

கரைக்கு வந்த பிறகு சிரிக்காமல் சொன்னார்: "தரையில எழுந்து நின்னா மரியாதை. தண்ணில உக்காந்துகினு கீறதுதான் மரியாதை. நீ எழுந்தா உன்கூட கீறவங்களும் சேந்து உழுவாங்க." அன்றைக்கே மறுபடியும் ஏற்றினார். பயத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போகக் கூடாதாம்.

பிறகு அந்தப் போட்டி. நமக்குள் வைத்ததுதான். கீர்த்தனா முன்னால் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்ணின் படகு கவிழ்ந்தது. கவிழ்ந்தால் பக்கத்துப் படகு நிற்க வேண்டும் என்பது தாஸ் முதல் நாளே சொல்லித் தருகிற முறை. கீர்த்தனா நிற்கவில்லை. முதலாவதாக வந்தாள். நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். தாஸ் போய் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து, "கீர்த்தனா ஜெயிச்சது செல்லாது" என்றார்.

"ஜாக்கெட் போட்டுகினு மெதக்குற பொண்ணுக்கு இன்னா ஆபத்து வந்துச்சு?" என்று நான் எகிறினேன்.

"ஆபத்து இல்லதான் ஆயா. ஆனா அது அந்தப் பொண்ணுக்குத் தெரியாதே. பக்கத்துல ஒரு படகு நின்னா போதும், பயம் போயிடும்."

அதற்கு நான் சொன்னேன்: "உனக்குன்னு ஒரு புள்ள இருந்தா தெரியும். அடுத்தவங்க புள்ள ஜெயிச்சா உனக்குப் பொறுக்கல."

உங்களில் பாதிப் பேர் அங்கே நின்றீர்கள். அவர் குனிந்து, கவிழ்ந்த படகிலிருந்த தண்ணீரைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் கீர்த்தனா, "தாஸ் மாமா சொன்னது சரிதான் ஆயா. நான் திரும்பிப் பாத்தேன். பாத்துட்டுதான் போனேன்" என்றாள். வாயை மூடு என்றேன்.

அவள் அடுத்த வாரமே மறுபடியும் ஏரிக்குப் போய்விட்டாள். நான் நான்கு மாதம் போகவில்லை. சனிக்கிழமைதோறும் எனக்குத் தனியாக ஒரு செய்தி வரும்: "ஆயா, காலைல ஆறு மணி. படகு கீது." படிப்பேன். பதில் போடமாட்டேன். கடைசிச் சனிக்கிழமையும் வந்தது. போகலாம் என்று புடவைகூட எடுத்து வைத்தேன். விடிந்ததும் அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றிவிட்டது.

செய்தியைப் படித்ததும் கரையான்சாவடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ரோசியின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர நான் அப்டிக் கேட்டுட்டேனே, மன்னிச்சிரு ரோசி" என்று அழுதேன்.

"இன்னா கேட்ட ஆயா?" என்றாள்.

சொன்னேன். அவள் என்னையே பார்த்தாள். "ஊட்ல ஒண்ணும் சொல்லலியே. ஆயாவுக்கு முட்டி வலி, அதான் வரதில்லன்னாரு."

நான்கு மாதம் அவர் தன் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்த வார்த்தையை, அவரைக் கிடத்தியிருந்த கூடத்தில் நானே கொண்டுபோய்ப் போட்டேன். ரோசி கையை உதறியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் உதறவில்லை.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பெரிதாக ஒன்றுமில்லை. அந்தச் சனிக்கிழமைச் செய்திகளை அழிக்கவில்லை. சாயங்காலங்களில் ரோசி வீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் அவளாகவே, "சொவத்துல கம்பெனி கார்டு போட்டோதான் கீது ஆயா. தண்ணில அவரு கீற போட்டோ இருந்தா குடேன்" என்று கேட்டாள். என் போனில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் என் பேரப்பிள்ளைகள். ஓரத்தில், படகு ஆடாமல் இருக்க அதன் விளிம்பைப் பிடித்திருக்கிற ஒரு கை மட்டும் தெரிகிறது. அந்தக் கைக்கு மேலே இருந்த ஆளை நான் ஒரு முறைகூடப் படம் எடுக்கவில்லை.

உங்களில் யாரிடமாவது தாசின் முகம் தெரிகிற படம் இருந்தால் தயவுசெய்து இந்தக் குழுவில் போடுங்கள். என் பிள்ளைகள் அதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.