ஐந்து மணிக்கு வரச் சொன்னார்

முப்பது வருடத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். தாய்ப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டினேன். குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று தெருவில் நாலு பேரை நச்சரித்தேன். திருவொற்றியூரில் அந்த வீட்டை வாங்கும்போது, நான் விசாரிக்காதது எதுவுமில்லை என்ற திமிர் எனக்கு இருந்தது.

விற்றவர் ஒவ்வொரு முறையும் சாயங்காலம் ஐந்து மணிக்கே வரச் சொன்னார். ஷிப்டு முடிந்து வர எனக்கும் அதுதான் தோது. நான்கு முறை போனேன். நான்கு முறையும் மொட்டை மாடியில் கடல் காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

பால் காய்ச்சிய அன்றுதான் முதல்முறையாக விடியற்காலையில் அந்த வீட்டில் நின்றேன். பால் பொங்கும் முன்பே என் மனைவி பதறி அடுப்பை அணைத்தாள்.

"காஸ் லீக் ஆவுது, ஜன்னலத் தொறங்க!"

திறந்தேன். நாற்றம் இன்னும் மொத்தமாக உள்ளே வந்தது.

பக்கத்து வீட்டு அம்மா சிரித்தார். "காஸு இல்ல நைனா, மணலி பாக்டரி காத்து. காலீல மேக்கால இருந்து வரும். சாய்ந்தரம் கடல்காத்து தள்ளிகினு பூடும். நீ காலீல ஒருவாட்டி வந்து பாக்கலியா?"

எட்டு வருடம் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாகவே போயிற்று. இப்போது வீட்டை விற்கப் போகிறேன். போன் செய்கிறவர்கள் காலையில் வரட்டுமா என்று கேட்டால் எரிச்சல் வருகிறது.

"காலைல ஷிப்டு சார், அஞ்சு மணிக்கு வாங்க" என்கிறேன்.

நான் வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது.