தள்ளிப்போடும் மாத்திரை

நாத்தனார் கல்யாணத்தன்று எனக்கு நாள் இடித்தது. வீட்டுக்குத் தூரமானால் மணமேடைப் பக்கமே போக முடியாது. கோலியனூர் மருந்துக் கடையில் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை நானே கேட்டு வாங்கினேன். எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் செய்வதுதான். கல்யாணம் முடிந்த கையோடு மண்டையைப் பிளக்கும் தலைவலி, அப்புறம் வலிப்பு. கண் விழித்தது விழுப்புரத்து ஆஸ்பத்திரியில்.

மூளையிலிருந்து ரத்தம் திரும்பி வரும் குழாயில் ரத்தம் கட்டிப்போயிருந்தது. “உங்களுக்குப் பிறவியிலேயே சீக்கிரம் உறையற ரத்தம்மா. பரம்பரையா வர்றது. அந்த மாத்திரை அதைக் கிளப்பிவுட்டுடுச்சி. கூடப் பொறந்தவங்களுக்கும் டெஸ்ட் பண்ணுங்க” என்றார் டாக்டர்.

அம்மா தலையாட்டினாள். வெளியே வந்ததும் என் கையை இறுக்கினாள். “தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாத்துக்கினு இருக்கோம். ரத்தத்துல கோளாறுன்னா எவன் கட்டுவான்? வாயத் தொறக்காத, எம்மேல சத்தியம்.”

சத்தியம் செய்து தொலைத்தேன். வெயிலில் மயங்கி விழுந்தேன் என்று தங்கையிடம் சொன்னோம். ரத்தம் உறையாமலிருக்க நான் விழுங்கும் மாத்திரை, சத்து மாத்திரை ஆயிற்று. ஏழு மாதம் அவள் போன் வந்தாலே வேலை இருக்கிறதென்று சீக்கிரம் வைத்துவிடுவேன்.

அவள் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கையில் திண்டிவனத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளறையில் தங்கை நெற்றியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

“தைலம் இருந்தா குடுக்கா. ரெண்டு நாளா தலைவலி, ஒரே பேஜாரு.”

கட்டில்மேல் மாத்திரை அட்டை. ஐந்து காலி.

“இது எதுக்குடி?”

“முகூர்த்தத்தன்னிக்கு நாள் இடிக்குது. நாத்தனார் கல்யாணத்துக்கு நீ போட்டியே, அதேதான்.”

அட்டையை எடுத்து மடியில் செருகினேன். அறை வாசற்படியில் நின்ற அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் உள்ளே வந்து ஓசைப்படாமல் தாழ்ப்பாளைப் போட்டாள். “அவங்க போவட்டும்டி. ஜல்தியா கெளம்பிடுவாங்க. அப்பால பாத்துக்கலாம்.”

அடிப்பாவி! சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் தங்கையே போய்விடுவாள். அம்மாவைத் தள்ளிவிட்டுத் தாழ்ப்பாளைத் திறந்து, “தங்கச்சிய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போவணும், வண்டிய எடுங்க!” என்று கத்தினேன். மாப்பிள்ளை வீட்டார் காபி டம்ளரோடு எழுந்தார்கள்.

காரில் எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை அழவில்லை. தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

“ஏழு மாசமா உனக்குத் தெரியுமாக்கா?”