முதல் பக்கத்தில் அப்பா

மலேசியாவில் சுவா என்ற ஊர்ப் பக்கத்து எஸ்டேட்டுகளில் கல்யாணச் சமையல் செய்தே முன்னுக்கு வந்தவர் சன்னாசி. தொண்ணூற்றொன்பதில் சிரம்பானில் கடை போட்ட கையோடு வெப்சைட்டும் திறந்தார். முதல் பக்கம் முழுக்கச் செத்துப்போன அப்பாவின் படம், மாலையும் விளக்குமாக.

"நல்ல காரியம் பேச வர்றவங்க இந்த முகத்துலயா முழிக்கணும்?" என்றாள் மனைவி லெட்சுமி.

"வெங்காயம் உரிக்கிறவளுக்கு வெப்சைட்டப் பத்தி என்ன தெரியும்? வாய மூடு" என்று வேலையாட்கள் முன்னாலேயே அவளை அசிங்கப்படுத்தினார்.

மாதக்கணக்கில் ஒரு கல்யாணமும் வரவில்லை. கடைசியில் வெப்சைட்டைப் பார்த்துவிட்டுக் கோலாலம்பூரிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அவளுக்குக் கருமாதிச் சாப்பாடு வேண்டுமாம்.

"நாங்க கல்யாணத்துக்கு மட்டும்தான் லா" என்று எரிந்து விழுந்தார் சன்னாசி.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "அப்புறம் எதுக்குங்க பொணத்த வாசல்ல வச்சிருக்கீங்க?"