கறுத்துப்போன ரசீது

சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் இருந்த மின்சாமான் கடையில் அன்றைக்கு நின்றது ஐந்து பேர்: அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, பத்து வயது நான், விற்பனைக்காரர். ஐஸ் பெட்டி, அதாவது ஃபிரிட்ஜ், வாங்கப் போயிருந்தோம். அம்மாவுக்கு இனிப்பு நீர், சர்க்கரை நோய். மாத்திரை போதாது, இனி ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி மருந்தைக் குளிரில் வைக்க வேண்டும். அதுவரை எங்கள் தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி வீட்டு ஐஸ் பெட்டியில்தான் அது குடியிருந்தது.

விலை பேசி முடிந்ததும் விற்பனைக்காரர் சொன்னார், ஒரு வருட வாரண்டி சும்மா, மேற்கொண்டு இரண்டு வருடத்துக்குத் தொண்ணூறு வெள்ளி என்று.

"கெட்டுப்போகும்னு நீங்களே சொல்றீங்களா?" என்றார் அப்பா.

அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "கெட்டுப்போச்சுன்னா அம்மா மருந்து?"

மாமா சிரித்தார். "வாங்கிடுங்க மச்சான். இல்லாட்டி இவ ராத்திரி பூரா ஐஸ் பெட்டிக்கு நாடி பிடிச்சுப் பார்ப்பா."

அப்பா முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணி வைத்தார்.

ரசீதைப் பத்திரப்படுத்தும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். அலமாரியில் கரப்பான், டிரங்குப் பெட்டியில் எலி. சாமி மேடையை விட்டால் வேறு பத்திரமான இடம் ஏது? முருகன் படத்தோடு சாய்த்து, விளக்குக்குப் பக்கத்தில் வைத்துத் தினமும் தொட்டுக் கும்பிட்டேன்.

இரண்டாம் வருடம் தீபாவளிக்கு முன்னால் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. ஓடிப்போய் ரசீதை எடுத்தேன். விளக்குச் சூடு பட்டுப் பட்டு, ஓர் எழுத்துக்கூட இல்லாமல் கறுத்திருந்தது. என்னால்தான் அம்மா மருந்து கெடப்போகிறது என்று வாய்விட்டு அழுதேன். அம்மா மருந்தைத் துணியில் சுற்றிக்கொண்டு மறுபடியும் கிராணி வீட்டுக்குப் போய் வந்தார்.

மாலையில் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கிய மாமா, ரசீதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். புரட்டியும் பார்த்தார்.

"ஐயே, இதுக்கா அழுவுற? கடையில ஒரு மெஷின் இருக்கு லா. அதுல விட்டா எழுத்து எல்லாம் திரும்பி வந்துடும்."

அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவரைப் பார்த்தார். அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மூன்றாம் நாள் மாமா ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆள் கம்ப்ரசரை மாற்றிக்கொடுத்தார். "பார்த்தியா வாரண்டியை!" என்று மாமா நெஞ்சை நிமிர்த்தினார். நான் அன்றிரவு முருகனிடம் அந்த விற்பனைக்காரருக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

மூன்றாம் படிவத்தோடு, பதினைந்து வயதில், பள்ளியை விட்டேன். வாரண்டியை விடவில்லை. மின்சாரக் காற்றாடி, கைப்பேசி, எண்பது வெள்ளி ரைஸ் குக்கர் என எதை வாங்கினாலும் கூடுதல் வாரண்டிக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுவேன். ஒன்றுக்குக்கூட அது தேவைப்பட்டதில்லை. கணவர் தலையில் அடித்துக்கொள்வார்.

போன மாதம் சிரம்பானில் வாஷிங் மெஷின் வாங்கும்போது கல்லாப் பெண் சொன்னாள்: "ரசீதைப் போட்டோ எடுத்து வச்சுக்குங்க அக்கா. கறுத்துட்டா ஒண்ணும் செய்ய முடியாது."

"எழுத்தைத் திரும்ப வர வைக்கிற மெஷின் உங்ககிட்ட இல்லையா?" என்றேன்.

அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

கடை வாசலிலிருந்தே அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னுமா நம்பிக்கிட்டிருக்க? கடையில முடியாதுன்னுட்டான். உன் மாமாதான் சம்பளத்துல முன்பணம் வாங்கிக் கட்டினான். பிள்ளை தன்னாலதான்னு மனசுல வச்சுக்கும், சொல்லாதீங்கன்னான்."

கடைக்குள் திரும்பிப் போய், வாஷிங் மெஷினுக்குக் கூடுதல் வாரண்டி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே மாமா வீட்டுக்குப் போனேன். பணத்தை நீட்டினேன்.

"எந்த ஐஸ் பெட்டி?" என்றார். எவ்வளவு சொல்லியும் கை நீட்டவில்லை. தேத்தண்ணி குடிக்கச் சொன்னார்.

அம்மா சொன்ன கணக்குப்படி, கம்ப்ரசரும் கூலியும் சேர்த்து முந்நூற்று இருபது வெள்ளி. இன்னும் பாக்கி.