சூடாகாத எஞ்சின்

சைக்கிள் ஓட்டத் தெரியாத ஆளுக்குச் சைக்கிள் கம்பெனியில் வேலை. ஊரே இதைச் சொல்லிக் கிண்டலடிக்கும். அவர் கோபித்துக்கொண்டதில்லை. "ரெண்டு சக்கரம்னா விழுந்துடுவேன். அதான் நாலு சக்கரத்துல உக்காந்திருக்கேன்" என்பார்.

கடலோரச் சாலையில் சைக்கிளில் சுற்றுலா அழைத்துப் போகும் சின்னக் கம்பெனி அது. துறைமுகக் கோட்டையில் புறப்பட்டு, மீன்பிடி ஊர்களைக் கடந்து, பாறைமேல் பாதி இடிந்து நிற்கும் கோட்டையைத் தொட்டு, முனைக் கோட்டையில் முடியும். முன்னால் வழிகாட்டி, நடுவில் பயணிகள், கடைசியில் மூட்டை முடிச்சுகளோடு ஒரு வேன். வேனின் டிரைவர் அவர். அதற்கு முன் பால் லாரி ஓட்டினார். அதற்கும் முன் ஐஸ் லாரி. "அப்பல்லாம் சூடேறக் கூடாத சரக்கு. இப்ப சூடேறிப்போன சரக்கு" என்பார், மூச்சு வாங்கிக்கொண்டு வேனில் ஏறுகிறவர்களைப் பார்த்து.

சீசன் முடியப்போகும் சமயத்தில் ஒரு மதியம், சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. பக்கத்து அறையில் மனைவி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சத்தமே கேட்கவில்லை.

ஒரு பயணம் மிச்சமிருந்தது. டிரைவர் கிடைக்கவில்லை. மகள் வெளியூரில் குளிர்பதன இயந்திரங்களை வடிவமைப்பவள். துக்கத்துக்கு வந்தவள் இன்னும் திரும்பிப் போகவில்லை. "நானே ஓட்டுறேன்" என்றாள். வீட்டில் அந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

"அப்ப நானும் வர்றேன்" என்றாள் அம்மா.

"வா. முன் சீட்டு காலியாத்தான் இருக்கு."

"வேன்ல இல்லடி. சைக்கிள்ல."

மகள் சாப்பாட்டுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

அம்மா அந்தச் சாலையில் ஒரே ஒரு தடவைதான் சைக்கிள் ஓட்டியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால், அலுவலகத் தோழிகளோடு வந்த பயணம். இடிந்த கோட்டையைத் தாண்டியதும் வரும் மேட்டில் கால் ஓய்ந்துபோய் வேனில் ஏறிவிட்டாள். அந்த வேனை ஓட்டியவரையே பிறகு கட்டிக்கொண்டாள். "அன்னைக்கு ஏறினவ, இன்னும் இறங்கல" என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்வார். அம்மா முறைப்பாள். அவர் மறுபடியும் சொல்வார்.

"அந்த மேட்ட மிதிச்சு ஏறி, முனைக் கோட்டைய ஒரு தடவையாவது பாக்கணும்" என்றாள் அம்மா. "இப்ப விட்டா எப்ப?"

"உன் முட்டி? உன் பிரஷர்? டாக்டர் என்ன சொன்னாரு?"

"டாக்டரா மிதிக்கப் போறாரு?"

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

காலையில் வேனைக் கிளப்பும்போது, டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் வெப்பமானியின் முள் அசையவில்லை. அதைப் பொருத்தியதே மகள்தான். 'வண்டி வழியில சூடாயிடுது' என்று அப்பா போனில் அடிக்கடி சொல்வதைக் கேட்டு, ஒரு விடுமுறையில் வந்து ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தண்ணீர்ப் பம்பை மாற்றி, பளிச்சென்று தெரியும் இந்த மீட்டரையும் மாட்டிக் கொடுத்திருந்தாள். "பிரமாதம்" என்று அப்பா முதுகில் தட்டினார். இப்போது குனிந்து பார்த்தால் மீட்டரின் வயர் பிடுங்கப்பட்டிருந்தது. அறுந்துபோனதல்ல. நுனியில் டேப் சுற்றி, பக்குவமாக மடித்துச் செருகியிருந்தது. இந்த மனுஷனுக்கு என்ன கேடு என்று முணுமுணுத்தபடி மறுபடி இணைத்தாள். முள் எழுந்து நின்றது.

பயணிகள் உற்சாகமாகப் புறப்பட்டார்கள். வழிகாட்டிக்குக் கொக்கு என்று பேர். சீட்டை எவ்வளவு ஏற்றினாலும் முழங்கால் ஹேண்டிலில் இடிக்கும். அப்பாவோடு ரொம்ப வருஷம் வேலை பார்த்தவர். அவர் பின்னால் கூட்டம் வேகமாகப் போய்விட்டது. அம்மா மட்டும் வேனுக்கு முன்னால், சாலையோரத்தில், அரக்குக் கலர் மழைக்கோட்டில்.

கடல் இடது பக்கம் சாம்பலாகக் கிடந்தது. வலைகள் காயும் சுவர்கள், நீல ஜன்னல் வைத்த வீடுகள், படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் ஆட்கள். எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக வந்து போயின. முதல் கியரில் வேனை உருட்டி மகளுக்குக் காலே மரத்துவிட்டது. அப்பா இதை எப்படித்தான் தினம் செய்தாரோ. யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டே ஓர் ஆயுள்.

தூறல் ஆரம்பித்தது. மகள் ஜன்னலை இறக்கினாள்.

"அம்மா, ஏறிக்கிறியா?"

"நான் கேட்டேனா?"

அடுத்த ஊரில் மறுபடி கேட்டாள்.

"உங்கப்பா ஒரு நாளும் இப்படி நச்சரிச்சதில்ல" என்றாள் அம்மா, திரும்பிப் பாராமல்.

இடிந்த கோட்டையின் அடிவாரத்தில் தேநீருக்காக நின்றார்கள். அம்மா ஒரு கல்மேல் உட்கார்ந்து, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு வெளிறியிருந்தது. மகள் கொக்கை ஓரமாக இழுத்துப்போனாள்.

"அங்கிள், அவங்களால அடுத்த மேட்ட ஏற முடியாது. நீங்க சொல்லுங்க. நான் சொன்னா எரிஞ்சு விழறாங்க."

"ஏறிக்கிறியான்னு கேட்டியா?"

"ரெண்டு தடவை."

"கெட்டுது போ" என்று தலையில் கைவைத்தார் கொக்கு. "அதைக் கேக்கவே கூடாதும்மா. கேட்டா எவனும் ஏற மாட்டான், செத்தாலும் மிதிப்பான். அண்ணன் என்ன பண்ணுவாரு, யாராவது தள்ளாடுறது தெரிஞ்சா அவங்களத் தாண்டிப் போய் ஓரங்கட்டி, பானெட்டைத் தூக்கிட்டு நிப்பாரு. என்னாச்சுன்னு அவங்களே வந்து நிப்பாங்க. வண்டி சூடாயிடுச்சு, தனியா நிக்க போரடிக்குது, கொஞ்சம் இருங்களேன்பாரு. அப்புறம் பேசிப் பேசி அவங்க வேன்ல இருப்பாங்க. டிரைவருக்குத் துணைக்கு வந்ததாத்தான் கணக்கு."

மகள் வேனைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப வண்டி?"

"அது ஒரு நாளும் சூடானதில்ல. நீ வந்து ரிப்பேர் பண்ணிட்டுப் போனியே, மறுநாள் ஒரு ஆளு முன்னாடி உக்காந்து, 'மீட்டர் சரியாத்தானே இருக்கு'ன்னுட்டான். அண்ணன் முகத்துல ஈயாடல. எம் பொண்ணு எம் பொழப்புல மண்ணைப் போட்டுட்டாடான்னு சிரிச்சு சிரிச்சுச் சொன்னாரு."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"நீ ஆசையாப் பண்ணதாச்சே."

மகள் வேனுக்குப் பின்னால் போய், உடன் கொண்டுவந்த கம்பளிகளை எதற்கென்றில்லாமல் மடித்துவைத்தாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

மேடு தொடங்கியது. பாறையைக் குடைந்த சாலை வளைந்து வளைந்து ஏறியது. காற்று எதிரில் அடித்தது. அம்மாவின் சைக்கிள் இடமும் வலமும் அலைந்தது. ஒவ்வொரு மிதிக்கும் தோள் முழுவதும் இறங்கி ஏறியது. ஒரு தடவை காலை ஊன்றி நின்றாள். விழுந்துவிடுவாள் என்று மகள் கதவைத் திறந்துவிட்டாள். அம்மா மறுபடி மிதித்தாள்.

மகள் வேனை வெட்டி எடுத்துத் தாண்டிப் போனாள். அம்மாவைப் பார்க்கவில்லை. அடுத்த வளைவில் ஓரங்கட்டி, இறங்கி, பானெட்டைத் தூக்கிக் கம்பியில் நிறுத்தினாள். எஞ்சின் சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல் அமைதியாக இருந்தது. கொஞ்சமும் ஆவி இல்லை. மழைத்துளி ரேடியேட்டர்மேல் விழுந்து, விழுந்தபடியே கிடந்தது.

அம்மா வந்து சேர நேரமாயிற்று. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பானெட்டைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

"என்னாச்சு?"

"சூடாயிடுச்சும்மா."

அம்மா சைக்கிளை வேன்மேல் சாய்த்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு ரேடியேட்டர் மூடிமேல் உள்ளங்கையை வைத்தாள். கொதிக்கிற எஞ்சினாக இருந்தால் கை வெந்திருக்கும். வெதுவெதுப்பு மட்டும்தான் இருந்திருக்கும். கையை எடுக்காமல் நின்றாள். அவள் முதுகு குலுங்குவதை மகள் பார்த்தாள். குளிரா, அழுகையா, தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

"ஆமா" என்றாள் அம்மா கடைசியில். "நல்லா சூடாத்தான் இருக்கு."

"கொஞ்சம் ஆறட்டும். தனியா நிக்க போரடிக்குது."

"அவரும் இதையேதான் சொன்னாரு. இதே வளைவு." மூக்கை உறிஞ்சினாள். "பொய் சொல்றதுக்குக்கூட வேற இடம் கெடைக்கலயா உங்க ரெண்டு பேருக்கும்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அப்பா போன பிறகு முதல் தடவை.

இரண்டு பேரும் தடுப்புச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். தூரத்தில், மழைக்குள், முனைக் கோட்டையின் விளிம்பு தெரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. நனைந்த கல். அம்மா அதை நிறைய நேரம் பார்த்தாள்.

"வண்டி இப்படி இருக்கறப்ப உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிப் போறது" என்றாள். "சைக்கிளை ஏத்து."

மகள் முன்சக்கரத்தைக் கழற்றி, சங்கிலி கீறாமல் கம்பளி வைத்து, அப்பா கட்டும் அதே கொக்கியில் சைக்கிளைக் கட்டினாள். பானெட்டை இறக்கினாள். அம்மா முன் சீட்டில் பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தாள். மகள் ஹீட்டரை முழுசாகத் திருப்பினாள்.

"ஹீட்டர் எஞ்சின் சூட்டை உள்ள இழுத்துக்கும்மா. அப்பதான் ஆறும். பொறுத்துக்க."

இது மட்டும் பொய்யில்லை. படித்த படிப்பு.

வெப்பக்காற்று அடித்தது. டாஷ்போர்டில் மீட்டரின் முள், இருக்க வேண்டிய இடத்தில், நட்டநடுவில், அப்பட்டமாக நின்றது. காலையில் அவளே இணைத்த வயர். மகள் அதைப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

அதற்குள் அம்மா நனைந்த கையுறை இரண்டையும் எடுத்து மீட்டரின் மேல் தொங்கவிட்டாள்.

"காயட்டும்" என்றாள். "நீ மெதுவாப் போ."