முப்பத்திரண்டு ஜிபி பூபதிராஜா

தென்னந்தோப்பை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு, கேரள எல்லையிலுள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு எதிரே ஏழு வருஷமாக ஆன்லைன் சென்டர் நடத்தும் பூபதிராஜாவுக்கு ஒரு கொள்கை உண்டு. கம்ப்யூட்டரில் திறந்த எதையும் மூடமாட்டார். 'க்ளோஸ்' என்ற சொல்லே தொழிலுக்கு ஆகாதாம். நில வரி, ரேஷன் கார்டு, ஜாதகப் பொருத்தம், போன வாரமே முடிந்துபோன கிரிக்கெட் மேட்ச் என்று நாற்பது ஜன்னல்களைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, எல்லாம் மெதுவாக நடக்கிறதே என்று சர்வரைத் திட்டுவார்.

மெக்கானிக் ஜிதின் வந்து பார்த்தான். "சேட்டா, ரேம் ரெண்டு ஜிபிதான். இன்னொண்ணு வாங்கிப் போடுங்க."

பூபதிராஜாவா வாங்குவார்? ஏதோ வீடியோவைப் பார்த்து, ஹார்ட் டிஸ்கில் முப்பது ஜிபியை 'ஸ்வாப்' என்று ஒதுக்கிவிட்டார். "ஆக மொத்தம் முப்பத்திரண்டு ஜிபி மெமரிங்க! இந்தப் பக்கம் எவங்கிட்ட இருக்குது?" என்று டீக்கடை வரைக்கும் பெருமை அடித்தாயிற்று.

ஜிதின் தலையில் அடித்துக்கொண்டு விளக்கினான். ரேம் என்பது வேலை செய்கிற மேஜை, ஸ்வாப் என்பது பின்னால் இருக்கும் குடோன். மேஜையில் இடம் போதாவிட்டால், இப்போதைக்கு வேண்டாத பக்கங்களைச் சிஸ்டம் குடோனில் கொண்டுபோய் வைக்கும். கேட்டால் திரும்ப எடுத்துவரும். எப்போதாவது என்றால் சரி. கேட்பதே நாற்பதாக இருந்தால், ஒன்றை எடுத்துவர இன்னொன்றைக் கொண்டுபோய்ப் போட்டாக வேண்டும். சுமப்பதிலேயே பொழுது போய்விடும், வேலை நடக்காது. அதிலும் பழைய ஹார்ட் டிஸ்க், ரேமைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மந்தம். குடோனைப் பெரிதாக்கினால் மேஜை பெரிதாகிவிடுமா? பூபதிராஜா காதில் போட்டுக்கொண்டால்தானே!

மகள் செல்வப்பிரியாவின் நர்சிங் விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை ஐந்து மணி கடைசி. "நம்ம கடை இருக்கையில வேற எங்க போறது?" என்று மூன்று மணிக்கே அவளைப் பக்கத்தில் உட்காரவைத்தார். போட்டோ ஏறவில்லை. டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கியது. "பாரு, என்னமா உழைக்குது!" என்றார். சும்மா இருப்பானேன் என்று ரேஷன் கார்டைத் திறந்தார், பிறகு ஜாதகத்தைத் திறந்தார். ஒவ்வொன்றும் குடோனிலிருந்து தவழ்ந்து வர, விண்ணப்பம் குடோனுக்குப் போனது.

"அப்பா, மத்ததையெல்லாம் மூடிப்போடுங்க."

"வெள்ளிக்கிழமையும் அதுவுமா மூடறதா? வாயைக் கழுவு கண்ணு."

நாலே முக்காலுக்கு அவருக்கு வேர்த்தது. ஐந்து மணிக்குத் திரை வெள்ளை வெளேரென்று நின்றது. அப்போதுதான் மனுஷனுக்கு உறைத்தது. பிள்ளையின் ஒரு வருஷத்தைத் தன் வீம்பு தின்றுவிட்டதே என்று கண் கலங்கியது. பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"உன்னையக் கெடுத்துப்போட்டனே கண்ணு."

செல்வப்பிரியா துப்பட்டா நுனியைத் திருகினாள். "இல்லீங்கப்பா. நேத்து எலப்புள்ளிச் சித்தி ஊட்டுக்குப் போனப்பவே, அங்க ஜோமோள் சேச்சியோட கம்ப்யூட்டர் கடையில அப்ளிகேஷனைப் போட்டுட்டனுங்க. உங்ககிட்டச் சொல்லப் பயமா இருந்துச்சுங்க."

போன உயிர் திரும்பி வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. ஊர்க்காரர்கள் வேறு கடை தேடிப் போனபோதெல்லாம் பொறாமை பிடித்தவர்கள் என்று சொல்லிச் சமாளித்தவர், பெற்ற மகளை என்னவென்று சொல்வார்?

"அங்க எத்தனை நேரமாச்சு?" என்று கேட்டார்.

"நாலு நிமிஷமுங்க."